வெள்ளிக்கிழமை மணி

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். என் சித்தப்பா அங்கே இயற்பியல் வாத்தியார். அந்தப் பள்ளியில் மணி அடிப்பது ஒரு கணினி. மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஓர் அறை, அதில் ஒரு ஆம்ப்ளிஃபயர், அதை ஒட்டி 2004-இல் யாரோ அசெம்பிள் செய்து கொடுத்த பென்டியம் 4 பெட்டி. சில வருடங்களுக்கு முன் நான்தான் அதில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்ய வைக்கும் கிரான் அட்டவணையில் பீரியடுக்கு ஒரு வரி எழுதி, கூரைமேல் இருக்கும் குழாய் ஸ்பீக்கரில் மணி ஒலிக்க வைத்தேன். இணைய இணைப்பு கிடையாது. மணி அடிக்க இணையம் எதற்கு என்பது அன்றைக்கு என் எண்ணம்.

ஒருநாள் சித்தப்பாவிடமிருந்து போன். “ஏலே, உன் மணிக்கு வெள்ளிக்கிழமை ஆனா சோம்பல் வந்துருது. பிள்ளைக பஸ்ஸ விட்டுருதுக.”

கடைசி மணி 4:10-க்கு. பேருந்து 4:17 வாக்கில் விலக்கில், அதாவது ஊருக்குச் சாலை பிரியும் இடத்தில், நிற்கும். பள்ளியிலிருந்து விலக்குக்கு நடந்தால் 4 நிமிடம், ஓடினால் 2. திங்கட்கிழமை மணி சரியாக அடிக்கிறது. செவ்வாய், புதன் என்று போகப்போகப் பின்தங்கி, வெள்ளிக்கிழமை 4:15-ஐத் தொட்டுவிடுகிறது. அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகள் ஆறு மணி வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் யார் பொறுத்துக்கொள்வார்கள்? திங்கட்கிழமை எப்படிச் சரியாகிறது என்று கேட்டேன். காலையில் சித்தப்பாவே கைப்பேசியைப் பார்த்து, திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் திருத்திவிடுவாராம். மூன்று மாதமாக இதுதான் நடந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை, பாவம், வேலையாக இருப்பான் என்று.

பழைய கணினியில் நேரம் தப்புகிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: “சிமாஸ் பேட்டரிய மாத்து.” மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல உட்கார்ந்திருக்குமே, அந்த சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். எனக்கும் அதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பேருந்து பிடித்துப் போய் மாற்றினேன். கழற்றியதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 2.9 வோல்ட். நன்றாகத்தான் இருக்கிறது! அப்போதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். பேட்டரி செத்தால் கணினி தேதியையே மறந்துவிடும். காலையில் போட்டால் ஏதோ 2003 என்றோ 2000 என்றோ காட்டும், கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகளும் பழையபடி போய்விடும். எங்கள் பெட்டி ஒருநாளும் வருடத்தை மறந்ததில்லை, கொஞ்சம் தாமதமாகத்தான் இருந்தது. நோய் வேறு, மருந்து வேறு. ஆனால் கையில் புது பேட்டரி இருக்கிறதே, போட்டாயிற்று. பயாஸ் திரையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை வைத்து, சேமித்து, அணைத்தேன். சித்தப்பாவிடம் “இனி திங்கட்கிழமை நீங்க எதையும் தொட வேண்டாம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

மறுநாள் காலை 10:40-க்குப் பள்ளி விட்டுவிட்டது.

நடந்தது இதுதான். பயாஸில் நான் வைத்தது இந்திய நேரம். லினக்ஸ் அந்தக் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, அதோடு 5:30 மணி நேரத்தைக் கூட்டி இந்திய நேரமாகக் காட்டும். விண்டோஸ் அப்படியில்லை, பெட்டியிலிருக்கும் நேரத்தையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒரே கணினியில் இரண்டையும் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஐந்தரை மணி நேரச் சண்டை பழகியிருக்கும். நான் அவசரத்தில் மறந்துவிட்டேன். ஆக, காலை 9 மணிக்கு வாட்ச்மேன் அண்ணாச்சி சுவிட்சைப் போட்டபோது கணினிக்கு மதியம் 2:30. அதன் அட்டவணையில் அடுத்த மணி 2:50-க்கு. அது உண்மையில் அடித்தது 9:20-க்கு, அதாவது அச்சு அசலாகப் பிரார்த்தனை மணி நேரத்தில். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. 3:30 மணி 10:00-க்கு அடித்தது. முதல் பீரியடு பத்து நிமிடம் முன்னாலேயே முடிந்ததில் வருத்தப்பட்டவர்கள் யாரும் இல்லை. 10:40-க்கு நீள மணி, அதைத் தொடர்ந்து நாட்டுப்பண். எட்டாம் வகுப்பு பி பிரிவு பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டது. அவர்களைத் திரும்பக் கூட்டிவர அண்ணாச்சி சைக்கிளில் போனாராம்.

1906-க்கு முன் இருந்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. அது இன்னும் நடப்பில் இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு 10:49 வரை பாடம் கிடைத்திருக்கும்.

சரி, வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து யோசித்தேன். கணினிக்குள் இருப்பது ஒரு கடிகாரம் அல்ல, இரண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது மதர்போர்டில் பேட்டரியோடு ஓடுகிற கடிகாரம். கணினி அணைந்திருக்கும்போதும் அது நடக்கும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இது கிடையாது, ஒவ்வொரு தடவை போடும்போதும் டாஸ் இயங்குதளம் தேதியையும் நேரத்தையும் கேட்கும். 1984-இல் வந்த ஏடி மாடலில்தான் மோட்டோரோலாவின் எம்சி146818 சிப்போடு இது நிரந்தரமாகக் குடியேறியது. உள்ளே ஒரு குட்டிக் குவார்ட்ஸ் கிரிஸ்டல், விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் சரியாக 1 வரும், அதுதான் விநாடி.

இரண்டாவது, கணினி ஓடும்போது இயங்குதளம் தன் மனக்கணக்கில் வைத்திருக்கும் கடிகாரம். கணினி எழுந்திருக்கும்போது முதல் கடிகாரத்தை ஒரே ஒரு முறை எட்டிப் பார்க்கும். “இப்போது மணி இவ்வளவு” என்று மனதில் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது, தானாக எண்ணிக்கொண்டு போகும். திரையில் தெரிவதும், கிரான் பார்ப்பதும், மணி அடிப்பதும் இந்த இரண்டாவது கடிகாரத்தை வைத்துத்தான். பேட்டரி மாற்றினால் குணமாவது முதலாவது மட்டுமே.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு பின்தங்குகிறது’ என்பதல்ல, ‘எப்போது பின்தங்குகிறது’ என்பது. ஓடும்போதா, தூங்கும்போதா?

சித்தப்பாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு எடுக்கச் சொன்னேன். காலையில் கணினியைப் போட்டதும் ஒரு தடவை, சாயங்காலம் அணைப்பதற்கு முன் ஒரு தடவை, கைப்பேசி நேரத்துக்கும் கணினி நேரத்துக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்று எழுத வேண்டும். வாரம் முழுக்க ஒருவரும் கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. மனிதர் சோதனைக்கூடத்தில் ஊசல் ஆட்டி வளர்ந்தவர், எழுதித் தள்ளிவிட்டார். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி வேறு.

வெள்ளிக்கிழமை இரவு போனில் படித்தார். இரவு முழுக்க அணைந்திருந்த நேரத்தில் இழப்பு: 2 விநாடி. எல்லா இரவும் அதே 2 விநாடி. பகலில் ஓடும்போது இழப்பு: திங்கள் 38, செவ்வாய் 41, புதன் 112, வியாழன் 35, வெள்ளி 74. கூட்டினால் 300, சுளையாக 5 நிமிடம்.

இந்த ஐந்து எண்களை ஒரு காகிதத்தில் எழுதி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரிஸ்டல் பிசகினால் இப்படிப் பிசகாது. கிரிஸ்டலின் பிசகு ஒரு குணம் மாதிரி, நாளுக்கு நாள் மாறாது. சாதாரணமாகப் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகும். நாள் ஒன்றுக்கு 86,400 விநாடி என்பதால், அது 1.7 விநாடி. இரவில் தெரிந்த இழப்பு அந்த ஜாதி, அது கிரிஸ்டலின் கைவரிசைதான். பகலில் தெரிந்தது தாறுமாறு. திங்களை விட புதனில் மூன்று மடங்கு. ஏதோ ஒன்று எண்ணிக்கையைக் கலைக்கிறது.

எங்கள் பக்கம் களத்தில் கம்பு அளக்கும்போது மரக்காலில் அள்ளிப் போடுகிறவர் “லாபம்… ரெண்டு… மூணு…” என்று இழுத்து எண்ணிக்கொண்டே அளப்பார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தது. ஒரு மரக்கால் கணக்கில் விட்டுப்போகும். பழைய முறையில் லினக்ஸ் நேரத்தை எண்ணுவது அப்படித்தான். போர்டில் இருக்கும் டைமர் விநாடிக்கு 250 தடவை செயலியைத் தட்டிக் கூப்பிடும். ஒவ்வொரு தட்டலுக்கும் ‘4 மில்லிவிநாடி ஆயிற்று’ என்று லினக்ஸின் உட்கருவான கெர்னல் ஒன்றைக் கூட்டும். செயலி வேறு ஒரு வேலையில் காதை மூடிக்கொண்டு 10 மில்லிவிநாடி இருந்துவிட்டால், இடையில் வந்த தட்டல்கள் ஒன்றாகத்தான் தெரியும். விட்டுப்போனது போனதுதான், திரும்பி வராது. புதன்கிழமை 112 விநாடி என்றால் 28,000 தட்டல்கள் காணாமல் போயிருக்கின்றன.

“சித்தப்பா, புதன்கிழமை அந்தக் கணினியில என்ன பண்ணினாங்க?”

“அறிவியல் கண்காட்சி போட்டோ எல்லாம் ஏத்துனாங்க. ஆபீஸ்ல பென்டிரைவ் பென்டிரைவா கொண்டாந்து ஏத்துனாங்கப்பா.”

“வெள்ளிக்கிழமை?”

“அதையே திரும்பக் காப்பி பண்ணி ஒவ்வொரு டீச்சருக்கும் குடுத்தாங்க.”

ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் கடிகாரம் நிற்கிறது! அடுத்த சனிக்கிழமை மறுபடி பேருந்து. கெர்னல் எழுதி வைத்திருக்கும் செய்திகளைப் புரட்டினால், நடுவில் எங்கோ டிஸ்கில் பிழை, வேகத்தைக் குறைக்கிறேன், மறுபடி பிழை, மறுபடி குறைக்கிறேன் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் பிஐஓ4 என்று நிற்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் “அடடா” என்பார்கள். ஆரோக்கியமான டிஸ்க் டிஎம்ஏ முறையில் வேலை செய்யும், அதாவது தரவைத் தானே நினைவகத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, முடிந்ததும் செயலிக்கு ஒரு குரல் கொடுக்கும். பிஐஓ முறையில் செயலியே ஒவ்வொரு துணுக்காகக் கையால் சுமக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவனிடம் எண்ணவும் சொன்னால் எப்படி? பிழைக்குக் காரணம் டிஸ்க் அல்ல, அந்தப் பட்டைக் கேபிள். 80 கம்பி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 40 கம்பிக் கேபிளைப் போட்டிருந்தார்கள். அதுவும் மடங்கி, ஒரு ஓரத்தில் வெளுத்துப் போயிருந்தது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய சாமான் கடையில் புரட்டிப் பிடித்த கேபிள் ஒன்று பையில் இருந்தது. மாற்றினேன். டிஎம்ஏ திரும்பி வந்தது.

ஆனால் இதோடு முடிந்துவிடவில்லை. இப்போதைய லினக்ஸ் இப்படித் தட்டல்களை எண்ணி நேரம் பார்ப்பதே இல்லை. போர்டில் வேறு எண்ணிகள் இருக்கின்றன. செயலியின் உள்ளே டிஎஸ்சி, புதுப் போர்டுகளில் எச்பிஇடி, அந்தக் காலத்துப் போர்டுகளில் ஏசிபிஐ டைமர். இவை செயலியைக் கேட்காமல் தாமாக ஓடும். கெர்னல் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்தால் போதும், நடுவில் எத்தனை தட்டல் தவறினாலும் நேரம் தவறாது. பிறகு ஏன் எங்கள் பெட்டி பழைய முறையில் எண்ணிக்கொண்டிருந்தது? கணினி எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளையான பூட் வரியைத் திறந்து பார்த்தேன். ஏசிபிஐயை அணைத்து, கிளாக்சோர்ஸ் ஜிஃபீஸ் என்று எழுதியிருக்கிறது. ஜிஃபீஸ் என்றால் தட்டலை எண்ணுவது.

எழுதியது யார்? நான்தான். முதலில் லினக்ஸ் போட்ட அன்று பெட்டி பாதியில் உறைந்து நின்றது, டிஎஸ்சி நிலையாக இல்லை என்று எச்சரிக்கை வேறு வந்துகொண்டிருந்தது. எங்கோ படித்ததை அப்படியே எழுதி அதன் வாயை அடைத்திருக்கிறேன். அப்போது மணி அடித்தது, அதோடு மறந்தும் போனேன். மூன்று மாதத்துக்கு முன் கேபிள் நலிந்ததும்தான் அந்தப் பாவம் வெளியே வந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அணைக்கும்போது கணினி தன் மனக்கணக்கு நேரத்தை எடுத்து பேட்டரிக் கடிகாரத்தில் எழுதிவிட்டுத்தான் தூங்கப் போகும், டெபியனின் பழைய ஏற்பாடு அது. நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய கடிகாரத்தை, 112 விநாடி தொலைத்த கடிகாரம் சாயங்காலம் வந்து ‘திருத்திவிட்டு’ப் போயிருக்கிறது. அதனால்தான் மறுநாள் காலையிலும் தாமதம் தொடர்ந்தது. பேட்டரி மேல் எனக்குச் சந்தேகம் வந்ததும் இதனால்தான்.

பூட் வரியிலிருந்து இரண்டு சொற்களையும் எடுத்தேன். புதுக் கெர்னலில் பெட்டி உறையாமல் எழுந்தது. எண்ணி எது என்று கேட்டால் ஏசிபிஐ டைமர் என்றது. அது விநாடிக்கு 35,79,545 தடவை எண்ணும். இந்த விசித்திரமான எண் அமெரிக்கக் கலர் டிவியின் நிற அதிர்வெண். அதைப் போல நான்கு மடங்கு அதிர்வெண் உள்ள கிரிஸ்டல் மலிவாகக் கிடைத்ததால் ஐபிஎம் காரர்கள் முதல் பிசியில் அதைப் போட்டார்கள். அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளி மணிக்கும் அமெரிக்கக் கலர் டிவிக்கும் உறவு உண்டு என்று சொன்னதும் சித்தப்பா அதைத் திங்கட்கிழமையே பத்தாம் வகுப்பில் பாடமாக நடத்திவிட்டார்.

இனி மிச்சமிருப்பது கிரிஸ்டலின் சொந்தக் குணம். வெள்ளி மாலை முதல் திங்கள் மதியம் வரை 68 மணி நேரம் பெட்டியை அணைக்காமல் ஓடவிட்டோம். 14 விநாடி பின்தங்கியது. 68 மணி என்றால் 2,44,800 விநாடி. கணக்குப் போட்டால் பத்து இலட்சத்தில் 57 பங்கு. ஒரே மாதிரித் தப்பு செய்கிறவனைத் திருத்துவது சுலபம். அட்ஜ்டைமெக்ஸ் என்ற கருவியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு 65,536 என்று கணக்கு. 57-ஆல் பெருக்கினால் 37,35,552. அந்த எண்ணைக் கொடுத்தால் கெர்னல் அவ்வளவுக்குத் தன் நடையைக் கூட்டிக்கொள்கிறது. அதே மாதிரி பேட்டரிக் கடிகாரத்துக்கும், இரவுக்கு 2 விநாடி என்பதை நாளுக்கு 3 விநாடியாக்கி, அட்ஜ்டைம் கோப்பில் எழுதினேன். காலையில் எழும்போது எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளும்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. சித்திரை வந்ததும் பேட்டரிக் கடிகாரம் மட்டும் மறுபடி இழுத்தது, நாளுக்கு முக்கால் விநாடி. இது எதிர்பார்த்ததுதான். அந்தக் குட்டிக் கிரிஸ்டல் 25 டிகிரியைச் சுற்றித்தான் மிக வேகமாக அதிரும். சூடு ஏறினாலும் மந்தமாகும், குளிர்ந்தாலும் மந்தமாகும். 20 டிகிரி விலகினால் நாளுக்கு ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேலே இழக்கும். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், கரிசல்காட்டு வெயிலில் அது தன்னால் முடிந்ததைச் செய்கிறது.

அதனால் கடைசியில் நான் இறங்கி வந்தேன். இணையம் எதற்கு என்று கேட்டவன், இணையம் வழியாக நேரத்தைத் திருத்தும் குரோனி என்ற நிரலை நிறுவினேன். வாரத்துக்கு ஒரு நாள் சித்தப்பா தன் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைப் பத்து நிமிடம் திறந்து வைப்பார். குரோனி, கணினிகள் ஒன்றையொன்று நேரம் கேட்டுக்கொள்ளும் என்டிபி முறை வழியாக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சர்வரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இந்திய நேரத்தைக் காப்பவர்களே அவர்கள்தான். இந்த என்டிபி 1985-இல் வந்தது, பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் செய்தது. அவர் 2024-இல்தான் காலமானார். எப்போதாவது மட்டும் இணையம் கிடைக்கிற கணினிக்குக் குரோனி நல்ல பொருத்தம். நேரத்தைத் திருத்துவதோடு நம் கிரிஸ்டல் எவ்வளவு பிசகுகிறது என்றும் தானே கண்டுபிடித்துக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். முதல் மாதக் கடைசியில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 58.1 என்று இருந்தது. நோட்டும் பேனாவுமாகச் சித்தப்பா பிடித்தது 57. போனில் சொன்னதும் அவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், “அந்த ஒண்ணும் என் போன் தப்பா இருக்கும்” என்றார்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். மணி விநாடி பிசகாமல் அடிக்கிறதாம். தலைமை ஆசிரியருக்கு ரொம்பச் சந்தோஷமாம்.

“ஆனா ஒண்ணுலே. பஸ்காரன் இப்ப புது டிரைவர். 4:13-க்கே வந்துருதான். கடைசி மணிய மட்டும் ஒரு நாலு நிமிஷம் முன்னாடி அடிக்க வைக்க முடியுமா?”

எந்த வரியில் இருக்கும் 10-ஐ அழித்து 6 என்று போட வேண்டும் என்று போனிலேயே சொன்னேன்.